எலும்பைப் பற்றிக் கேட்ட முதல் மருத்துவர்: ஒரு மார்கழி நாட்குறிப்பு

மார்கழி 3, புதன். கானாடுகாத்தான்.

விடியற்காலையில் முற்றத்துக் குழாயில் கை கழுவியதும் விரல்கள் வெளுத்துப் போயின. பிறகு நீலம் பாய்ந்தது. அடுப்படியில் உட்கார்ந்து சூடேற்றிய பின்னும் அரைமணி நேரம் எழுதுகோலைப் பிடிக்க முடியவில்லை. சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்னும் தோல் இறுகும் நோய் எனக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மார்கழிக் குளிர் என்றால் விரல்கள் இப்படித்தான்.

எழுத வந்தது வேறு. நேற்று மதுரையில் புதிதாகப் பார்த்த வாதநோய் மருத்துவர், "ஆச்சி, எலும்பின் அடர்த்தியை எப்போதாவது அளந்து பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் தோலைக் கிள்ளிப் பார்த்திருக்கிறார்கள், நுரையீரலை ஊதச் சொல்லி அளந்திருக்கிறார்கள், இதயத்துக்கு எக்கோ எடுத்திருக்கிறார்கள், சிறுநீரகத்துக்காக இரத்த அழுத்தத்தைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. மாதவிலக்கு எந்த வயதில் நின்றது, ஸ்டீராய்டு எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள், நெஞ்செரிச்சல் மாத்திரை எத்தனை வருடமாகப் போகிறது, எடை குறைந்ததா, வயிற்றுப்போக்கு உண்டா, பெற்றோரில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நாற்பத்து நான்கு வயதில் நின்றது என்றேன். மற்றவற்றுக்கும் ஒவ்வொன்றாக ஆம் என்று சொல்லி முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த நோயில் குடல் சோம்பிப் போவதால் தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் அப்படித்தான் நழுவிப் போகின்றன என்றார்.

மார்கழி 6, சனி.

உயரம் குறைந்திருக்கிறதா என்றும் அவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டுப் பட்டாலையின் பர்மாத் தேக்குத் தூண் ஒன்றில், கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவர் விளையாட்டாக என் உயரத்தைக் கீறி வைத்த கோடு இன்னும் இருக்கிறது. மகனைப் பிடித்து அளக்கச் சொன்னேன். அந்தக் கோட்டுக்கு இப்போது நான் நான்கு சென்டிமீட்டர் கீழே நிற்கிறேன். முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நசுங்குவது உண்டாம். விழவும் வேண்டாம், பெரிதாக வலிக்கவும் வேண்டாம். முதுகுக்குத் தனியாக ஒரு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

மார்கழி 9, செவ்வாய்.

மதுரைக்குப் போய், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து வந்தோம். ஊசி கிடையாது, குழாய்க்குள் தள்ளுவது கிடையாது. மேசையில் மல்லாந்து படுத்தால் மேலே ஒரு கை நகர்ந்து போகிறது, அவ்வளவுதான். மார்பு எக்ஸ்ரேயை விடக் குறைந்த கதிர்வீச்சு என்று சொன்னார்கள். இளம் வயதினரின் சராசரியோடு நம் எலும்பை ஒப்பிட்டு டி ஸ்கோர் என்று ஓர் எண் தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்கின்படி –1 வரை இயல்பு, –2.5க்கு வந்துவிட்டால் எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை, இடையில் இருப்பது அடர்த்திக் குறைவு. மாதவிலக்கு நிற்காத இளம்பெண்களுக்கு இந்த எண்ணை எடுப்பதில்லை. அவர்களின் வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரைத்தான் பார்க்கிறார்கள்.

என் இடுப்பு –2.7. முதுகு –1.6. முதுகாவது பரவாயில்லையே என்று நான் மூச்சுவிட்டதற்குள் மருத்துவர் தலையசைத்தார். எக்ஸ்ரேயில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. போதாததற்கு முதுகெலும்பின் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டிகள் தெரிந்தன. கருவிக்கு எலும்பின் சுண்ணாம்பு, கட்டியின் சுண்ணாம்பு என்ற பேதம் தெரியாது. எல்லாவற்றையும் கூட்டி எலும்புக்கு வரவு வைத்துவிடும். ஆகவே இந்த நோய்க்காரர்கள் முதுகின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

மார்கழி 11, வியாழன்.

இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20க்குக் கீழே என்றால் குறைபாடு. செட்டிநாட்டு வெயிலில் வாழ்கிறவளுக்கு இப்படியா என்று தோன்றியது. ஆனால் குளிருக்கும் வெயிலுக்கும் பயந்து கையுறையும் போர்வையுமாக வளவுக்குள்ளேயே கிடப்பவளுக்கு வெயில் எங்கிருந்து படும்?

என் ஆச்சி, அதாவது அக்கா, காரைக்குடியிலிருந்து பேசினாள். விரலிலும் முழங்கையிலும் சுண்ணாம்பு கட்டிகட்டியாய் நிற்கும்போது கால்சியம் மாத்திரை வேறு தின்பாயா என்று கோபித்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்ததால் கேட்டு வைத்திருந்தேன். அந்தக் கட்டிகள் இரத்தத்தில் சுண்ணாம்பு மிகுந்து வந்தவை அல்ல. நோயால் கெட்ட திசுவில் படிந்தவை. இரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கிறது. எலும்புக்கு வேண்டியதை நிறுத்தினால் கட்டி கரையப் போவதில்லை. நெஞ்செரிச்சல் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிடுவதால், அமிலம் இல்லாமலும் சேரக்கூடிய கால்சியம் சிட்ரேட்டாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கேழ்வரகுக் கூழும் ஆரம்பித்தாயிற்று. தொண்டைக்கு இதமாக இறங்குகிறது.

மார்கழி 14, ஞாயிறு.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரத்தில் வழுக்கும். இரண்டாம் கட்டில் குழாயடியை ஒட்டித் தேங்காய்நார் மிதியடி போட்டாயிற்று. என் மாமியார் விழுந்து இடுப்பு முறிந்து, பிறகு எழுந்திராமலே போனதும் அதே இடம்தான்.

மார்கழி 17, புதன்.

எலும்புப்புரைக்குப் பெரும்பாலும் எழுதுவது வாரத்துக்கு ஒன்றாக அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில் ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். என் உணவுக்குழாய்க்கோ தள்ளும் வலு இல்லை. இட்லியே பாதி வழியில் நின்று யோசிக்கிறது. அந்த மாத்திரை அங்கே தங்கினால் புண்ணாக்கிவிடும். பக்கத்துத் தெரு ஆச்சிக்குக் கொடுத்ததைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் இதை அழுத்தி எழுதுகிறேன்.

எனக்குத் தீர்மானித்திருப்பது ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம். அதற்கு முன் வைட்டமின் டியைச் சரிக்கட்ட வேண்டும், சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்க வேண்டும், பல்லையும் காட்ட வேண்டும். பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலிலேயே முடித்துவிட வேண்டும், பின்னால் செய்தால் தாடையெலும்பு ஆறாமல் போகிற ஆபத்து அரிதாக உண்டு. வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காதவளுக்குப் பல் மருத்துவம் பார்ப்பது எப்படி என்பதுதான் இப்போதைய தலைவலி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியையும் பேசினோம். அதைத் தவறவிட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகுக் கட்டைகள் நசுங்கலாம் என்றார். நாள் தவறாமல் போவேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

மார்கழி 21, ஞாயிறு.

பிள்ளையார் நோன்பு. மாவில் செருகி ஏற்றிய நூல் இழையைச் சுடரோடு வாயில் போட்டு விழுங்குவது நோய் வந்த பிறகு எனக்கு ஆண்டுதோறும் சோதனைதான். சென்ற ஆண்டு தொண்டையில் நின்று இருமித் திணறினேன். இந்த முறை ஆச்சி முன்னதாகவே வந்திருந்து, நெய்யைத் தாராளமாக விட்டு, எனக்கு மட்டும் சுண்டைக்காய் அளவில் மாவு பிடித்திருந்தாள். இறங்கிவிட்டது. பிறகு வழக்கம்போல ஒரு தம்ளர் வெந்நீரைக் குடித்துவிட்டுத் தூணில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை பல் மருத்துவர்.