சேற்று விதைப்பும் உள்ளான் கூட்டமும்

கரண்ட் மீட்டர் வாசிக்கிறது என் தொழில். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் பக்கம் வீடு வீடாகப் போகும்போது கம்பியை அண்ணாந்து பார்க்காமல் எனக்கு நடக்க வராது. ஐப்பசி பிறந்தால் வலசை வரும் பறவைகளால் கம்பி நிறைந்துவிடும். நீலவால் பஞ்சுருட்டான் வரிசையாக உட்கார்ந்திருக்கும், தும்பியைக் கண்டால் பாய்ந்து பிடித்து, வந்து கம்பியிலேயே அடித்து விழுங்கும். தேனீ என்றால் முதலில் கொடுக்கைத் தேய்த்துக் களைந்துவிடும். பக்கத்தில் தகைவிலான்கள். வேலி முள்ளில் சைபீரியாப் பக்கத்திலிருந்து வந்த பழுப்புக் கீச்சான், ஏதோ தன் காணி மாதிரிக் கத்திக்கொண்டிருக்கும்.

சரி, கம்பியை விடுவோம். மாரியில் திருகோணமலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் களப்பு, புறாமலைத் தீவு என்றுதான் கேட்கிறார்கள். மாரிக் கடலில் புறாமலைக்குப் படகு எடுப்பதே பெரும்பாடு. நான் வயலைத்தான் சொல்வேன். அதுவும் எல்லா நாளும் இல்லை.

தம்பலகாமத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் என்பதால் பெரும்போகம் என்கிற மாரிப் பயிருக்குச் சேற்று விதைப்பு, அதாவது உழுது கலக்கிய சேற்றில் முளைநெல்லை எறிவது. லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரம் சேறு கலக்கும்போது பின்னால் கொக்குகள் நடக்கும், மேலே மீசை ஆலா சுற்றும். பெயரில் மீசை இருக்கிறதே தவிர, இங்கே வருகிற காலத்தில் வயிற்றுக் கறுப்பெல்லாம் போய், கண்ணுக்குப் பின்னால் மை இழுத்தது போல ஒரு கீற்றுத்தான் மிஞ்சும். பலகையால் மட்டம் அடித்துத் தண்ணீர் வடித்த வயலில் பொறி உள்ளான் என்கிற சேற்றுப் பறவை இறங்கும். வரம்பில் குந்தியிருந்தால் கிட்டவே வரும். மண்ணிற முதுகில் வெள்ளைப் பொட்டுகள், கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம், மஞ்சள் பூத்த கால். நிற்கும்போதும் வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும். பறந்தால் பிட்டம் வெள்ளையாகத் தெரியும்.

போன கார்த்திகையில் அப்படிக் குந்தியிருந்தபோது வயற்கார ஐயா ஒருவர் வந்தார்.

“என்ன தம்பி, வயலுக்க மீட்டர் இருக்கோ?”

“இல்லை ஐயா, உள்ளான் பாக்கிறன்.”

“அது பாவம், புழுதான் பொறுக்கும். சிறகி வந்தால் சொல்லும், வெடி கொளுத்தவேணும்.”

அவர் சொன்னது நியாயம். முளைநெல் எறிந்த வயலில் இரவில் சிறகித் தாரா இறங்கினால் விதை மிஞ்சாது.

பயிர் எழும்பிவிட்டால் உள்ளான்களுக்கு அங்கே வேலை இல்லை. களப்போரச் சேற்றுக்கும் குளத்து விளிம்புக்கும் ஒதுங்கிவிடும். ஊசிவால் உள்ளான் மட்டும் பயிருக்குள் பதுங்கிக் கிடக்கும், காலடியில் இருந்து விருட்டென்று எழும்பி வளைந்து வளைந்து பறந்து நெஞ்சைப் பதறவைக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில்தான் நடக்கிறது. அந்த நேரம் எங்கள் வயல் பச்சைப் பசேல் என்று இருக்கும், வெறும் சேறு கிடைக்காது. அப்போது வந்து வயலை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

மாசி அறுவடைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் கொக்கும் திரும்ப இறங்கும், ஆனால் அவை உள்ளூர்க்காரர். வெளியூர்க்காரரைப் பார்க்கவேண்டுமானால் விதைப்புக்கு வாருங்கள். காலையில் வெயில் ஏற முன்னம். அப்புறம், வரம்பில் கால் வைக்க முன் வயற்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், புது வரம்பு இடிந்தால் ஏச்சு எனக்குத்தான் விழும்.