மொரீசியஸ் மலைகளை உலாவியில் எழுப்பிய விதம்

மொரீசியஸ் கோவில்களைத் தமிழ்ப் பெயர்களோடு முப்பரிமாண வரைபடத்தில் காட்ட, உலாவியில் வரைபடம் வரையும் மேப்லிப்ரெ நிரல் போதும், கட்டணம் கிடையாது. வேலை வாங்குவது இரண்டே விஷயங்கள்: உயரத் தரவு, தமிழ் எழுத்து.

உயரத்துக்கு நாசாவின் எஸ்ஆர்டிஎம் தரவை எடுத்தோம். சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நில உயரத்தைக் குறித்த தரவு அது. ஒவ்வொரு கோப்பும் ஒரு பாகைச் சதுரம். தென்மேற்கு மூலைதான் அதன் பெயர். தீவின் பெரும்பகுதி எஸ்21ஈ057-இல் அடங்கிவிடும். ஆனால் தென் அட்சம் 20 பாகைக் கோடு தீவின் வடக்கு நுனிக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. அந்த நுனியிலுள்ள காப் மாலெரோ எஸ்20ஈ057-க்குப் போய்விடும். இரண்டையும் இறக்கி, ஜிடால் என்ற வரைபடத் தரவுக் கருவியில் ஒட்டுங்கள். வெற்றிடம் என்று குறித்த -32768 எங்காவது இருந்தால் கடலில் 0 ஆக்குங்கள், நிலத்தில் சுற்றுப்புற உயரத்தால் நிரப்புங்கள்.

அடுத்து, மேப்லிப்ரெ படிப்பதற்காக ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் ஒரு நிறமாக்கவேண்டும். நிறத்திலிருந்து உயரத்தைப் படிக்கும் கணக்கு இது: சிவப்பை 65536-ஆல், பச்சையை 256-ஆல் பெருக்கி, நீலத்தையும் கூட்டி, 0.1-ஆல் பெருக்கி, 10000 கழித்தால் மீட்டர். கடல்மட்டம் 1, 134, 160 என்று வரும். படத்தை டைல் என்னும் சிறு சதுரங்களாக வெட்டியவுடன் கடற்கரைக்கு வெளியே ஒரு பிக்சலைப் பார்த்தாலே சரியா தப்பா தெரிந்துவிடும். பிஎன்ஜி ஆகவே வையுங்கள். நிறத்தைச் சற்று மாற்றிச் சுருக்கும் ஜேபெக் ஆக்கினால் பச்சையில் ஒரே எண் பிசகினாலும் 25.6 மீட்டர் முள் கிளம்பும். இதே காரணத்தால் அளவு மாற்றுவதையெல்லாம் நிறமாக்குவதற்கு முன்பே முடித்துவிடவேண்டும். பிறகு செய்தால் நிறங்கள் கலந்து மலைச்சரிவெல்லாம் ஊசியாகும்.

12-ஆம் ஜூமில் (உருப்பெருக்க நிலையில்), 256 பிக்சல் டைலில், ஒரு பிக்சல் சுமார் 36 மீட்டர். அதற்கு மேல் டைல் வெட்டுவதில் பெரிய பயனில்லை. மேப்லிப்ரெக்கு இந்த டைல்களைச் சுட்டும் மூலத்தில் உச்ச ஜூம் 12, டைல் அளவு 256 என்று எழுதியே தீரவேண்டும். எழுதாவிட்டால் மேப்லிப்ரெ டைல் அளவை 512 என்று எடுத்துக்கொண்டு மங்கலான டைலைக் கேட்கும். ஜிடாலில் டைல் வெட்டுகிறவர்கள் வரிசையை வடக்கிலிருந்து எண்ணும் எக்ஸ்ஒய்இசட் விருப்பத்தைப் போடுங்கள், இல்லையேல் வரிசை தலைகீழாகி நிலம் தட்டையாகவே நிற்கும். மலைச்சரிவின் நிழலுக்கும் எழுந்து நிற்கும் நிலத்துக்கும் தனித்தனி மூலம் கொடுப்பது நல்லது.

பீட்டர் போத் சிகரத்தின் உச்சிப்பாறையை இந்தத் தரவில் தேடவேண்டாம். 30 மீட்டர் கட்டத்தில் அது கரைந்துபோகும். லெ மோர்ன் மலையின் செங்குத்துப் பாறையும் சரிவாகத்தான் தெரியும். உயரத்தை 1.5 மடங்காக்கினால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் அதைப் பக்கத்திலேயே எழுதிவைப்பதுதான் நேர்மை.

இனி தமிழ். மேப்லிப்ரெ எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்குகிறது. உயிர்மெய்யைச் சேர்த்து வடிவமைப்பதில்லை. அதனால் ‘கோவில்’ என்பதில் ககரத்துக்கு இடப்பக்கம் நிற்கவேண்டிய கொம்பு வலப்பக்கம் விழும். எழுத்துருவை மாற்றி இதைத் தீர்க்கமுடியாது. பெயர்களை எச்டிஎம்எல் மார்க்கராக, அதாவது வரைபடத்தின் மேல் ஒட்டும் வலைப்பக்கக் குறியாக வையுங்கள். அப்போது எழுத்தை உலாவியே வரையும். நூற்றுக்கணக்கில் பெயர்கள் இருந்தால் உலாவியின் கேன்வாஸ் என்ற வரைபலகையில் எழுதிப் படமாகச் சேர்ப்பது வேகம்.

காத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலை மலைக்குப் பின்னாலிருந்து பார்த்தால், அதன் மார்க்கர் தானாகவே மங்கும். இயல்பான ஒளிபுகா அளவு 0.2. பெயர் முழுதாக மறையவேண்டுமென்றால் 0 கொடுங்கள்.