ப்ளூ ஸ்கிரீனும் கீச்சொலியும்
புது பிசி வாங்கி மூன்று வாரம் நிம்மதியே இல்லை. வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் ரெண்டருக்குப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பினால் ப்ளூ ஸ்கிரீன், அதாவது விண்டோஸ் முடங்கிப்போய் நீலத் திரை. விண்டோஸை மறுபடி போட்டேன், டிரைவர் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கணினியின் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், காலையில் பார்த்தால் திரையெல்லாம் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். நினைவகமான ராம் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுச் சோதித்தேன். ஒன்றில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து, அடிப்படை வேகமான 2133-இல் ஓட்டினாலும் பிழை வந்தது, கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

சத்தம் வேறு கதை. கேம் மெனுவில் நொடிக்கு வரையும் ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை எகிறும்போது கிராபிக்ஸ் கார்டு கீச்சென்று கத்தும். அது விசிறி இல்லை, மின்னோட்டம் ஏறி இறங்குவதில் உள்ளேயுள்ள காயில்கள் (கம்பிச் சுருள்கள்) அதிர்கிற சத்தம். ஃபிரேமை 60-க்குக் கட்டிவைத்தேன், அடங்கிவிட்டது. இப்போது ராத்திரி வேலை செய்யும்போது சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் கேட்கிறது, அவ்வளவு சுகமாக இருக்கிறது.