ராஸ்பெர்ரிக்கு நான் போட்ட மொட்டை

வீட்டுக்கு பின்னாடி ராஸ்பெர்ரி புதர் ஒண்ணு இருக்கு, புதர்னு சொல்றதே மரியாதைக்குதான், அது முள்ளுக்காடு. பல வருஷமா யாரும் கை வைக்காததுல உள்ள போன பந்து எதுவும் திரும்பி வந்த சரித்திரம் இல்ல. குளிர்காலம் முடியற நேரத்துல எனக்கு திடீர்னு வீரம் வந்து, பெரிய கத்தரியை தூக்கிக்கிட்டு இறங்கி ஒரே நாள்ல மொத்தத்தையும் தரையோட தரையா மழிச்சுட்டேன். கையெல்லாம் பூனை பிராண்டின மாதிரி கோடு, ஆனாலும் பெருமை தாங்கல, போட்டோ வேற எடுத்து வச்சேன்.

கோடை வந்துச்சு, குச்சி ஆள் உயரத்துக்கு வளந்து இலையெல்லாம் தளதளன்னு நிக்குது, பழம் மட்டும் ஒண்ணு கூட இல்ல. "ஏங்க, இது காய்க்கிற செடிதானே?"ன்னு வீட்டுல தினமும் ஒரு விசாரணை.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன் (வெட்டறதுக்கு முன்னாடி படிக்கிற பழக்கம் நம்ம பரம்பரையிலயே கிடையாது). வேருக்குதான் பல வருஷ ஆயுசாம், மேல வர்ற குச்சிக்கு ரெண்டே வருஷம்தான், முதல் வருஷம் பச்சையா சும்மா வளரும், அடுத்த வருஷம் பூத்து காய்ச்சு அதோட காஞ்சு போயிடும். கோடையில காய்க்கிற வகைன்னா காய்ச்சு முடிஞ்ச பழுப்புக் குச்சியை மட்டும்தான் அடியோட வெட்டணும். இலையுதிர் காலத்துல காய்க்கிற வகைக்கு புதுக் குச்சி நுனியிலயே பழம் வந்துடும், அதை வருஷா வருஷம் மொத்தமா மழிச்சாலும் ஒண்ணும் ஆகாது. நம்மளது கோடை ரகம். இந்த வருஷம் காய்க்க ரெடியா நின்ன குச்சியத்தனையும் நான்தான் காலி பண்ணியிருக்கேன்.

சரி, அடுத்த வருஷத்துக்காவது ஒழுங்கு பண்ணுவோம்னு நோஞ்சான் குச்சியெல்லாம் எடுத்துட்டு, நல்லதா 10 - 15 சென்டிமீட்டருக்கு ஒண்ணு விட்டு, ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு கம்பி இழுத்துக் கட்டினேன். ரொம்ப நெருக்கமா விட்டா காத்து போகாம பழத்துல சாம்பல் பூஞ்சை வந்துடுமாம், பழம் வரட்டும் மொதல்ல. அதோட இது வேர்லயே ஓடிப்போய் தள்ளித்தள்ளி முளைக்கிற ஜாதி, நடைபாதையில ஒண்ணு, தக்காளிப் பாத்தியில நாலுன்னு எட்டிப் பாக்குது, ஒவ்வொண்ணா தோண்டிக்கிட்டே வேலி வரைக்கும் போயிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர், கையில ஒரு கிண்ணம் நிறைய ராஸ்பெர்ரி. "சார், உங்க செடி போன வருஷமே அடியால நம்ம பக்கம் வந்துடுச்சு, எனக்கு தோட்ட வேலையெல்லாம் தெரியாதுங்க, அப்படியே விட்டுட்டேன், இந்தாங்க"ன்னு நீட்டினார்.

வீட்டுல கேட்டா நம்ம செடியில காய்ச்சதுன்னுதான் சொல்லியிருக்கேன். பொய் இல்லையே.