10 வரி நோட்டீசும் 24 மணி நேரமும்

மார்த்தாண்டத்தில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் டைப் அடித்து டிசைன் செய்து கொடுப்பது நான்தான். வருஷாவருஷம் ஜூலைக் கடைசியில் ஒரு மேட்டர் வரும். ஆகஸ்ட் 1 முதல் 7 வரை தாய்ப்பால் வாரம் இல்லையா, அதற்கான நோட்டீஸ். எட்டு வருஷமாக அடித்து அடித்து எனக்கு அது மனப்பாடம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை. தொப்புளில் எதுவும் தடவக் கூடாது. குழந்தை உறங்கும்போது தாயும் உறங்க வேண்டும். இப்படிப் பத்து வரி. ஓரத்தில் ஒரு தாயும் சேயும் படம். 'தாய்ப்பால்' என்பதில் 'ப்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டால் என் வேலை முடிந்தது.

போன வருஷம் மே மாதக் கடைசியில் எங்களுக்கு மகன் பிறந்தான். முதல் பேறு பெண் வீட்டில் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் என் மாமியார் இடுப்பெலும்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். நோட்டீஸ் வரிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்று எழுந்து வந்து என் முன்னால் நின்றன.

மூன்றாவது வாரம் ஒரு நாள், ராத்திரி 2.40 மணி. மகன் என் தோளில். பக்கத்து மேசையில் ஒரு கல்யாணக் கார்டின் புரூஃப் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பால் குடிக்க 35 நிமிஷம். ஏப்பம் எடுக்க 10. துணி மாற்ற 5. மறுபடி உறங்க வைக்க 20. ஆகமொத்தம் 70. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்று வைத்தால் 700 நிமிஷம், அதாவது 11 மணி 40 நிமிஷம். இதில் குளிப்பாட்டுவது இல்லை, துவைப்பது இல்லை, பெற்றவள் சாப்பிடுவதும் இல்லை. '8 முதல் 12 முறை' என்று எட்டு வருஷமாக டைப் அடித்தவன் ஒரு தடவைகூட அதைப் பெருக்கிப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு வரியும் தனித்தனியாகச் சரிதான், எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் ஒரே ஆள் செய்தால் என்ன ஆகும் என்ற கூட்டல் மட்டும் எங்கேயும் இல்லை.

துணி விஷயம் வேறு. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். ஜூன் மாதம் வீட்டில் பச்சைப் பிள்ளை இருந்தால்தான் அந்தப் பெருமை என்னவென்று தெரியும். பழைய வேட்டியைக் கிழித்த துணி முப்பது இருந்தது. நாலு நாள் விடாமல் சாரல். ஹாலில் கயிறு கட்டிக் காயப் போட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தினேன். வீடு முழுக்க ஒரு வாடை. பிள்ளை உறங்கும்போது தாயும் உறங்க வேண்டுமாம். பிள்ளை உறங்கினால்தானே அவள் சாப்பிட முடியும்?

அம்மாவுக்கும் நோட்டீசுக்கும் நடந்த யுத்தம் முதல் வாரமே தொடங்கிவிட்டது. "பிள்ளைக்குத் தொண்டை வறளுதுல்லா, ஒரு சொட்டு வெள்ளம் குடுத்தா என்ன? நான் நாலு பிள்ளையள வளத்தவ." வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர். ஆறு மாதம் வரை கூடாது என்றேன் நான். "நீ அடிச்ச நோட்டீசுதான எனக்குச் சட்டம்?" என்றாள். நடுவில் என் மனைவி ஒன்றும் பேசாமல் இருந்தாள். பேசினால் மாமியாரை எதிர்த்தது போல, பேசாவிட்டால் டாக்டர் சொன்னதை மீறியது போல.

தேசியத் திட்டப்படி வீட்டுக்கு ஆள் வந்து பச்சைப் பிள்ளையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் கணக்கு உண்டு. எல்லா நாளும் எங்களுக்கு வாய்க்கவில்லை. இரண்டு தடவை வந்தார்கள். ஆனால் நர்ஸம்மா முதல் தடவை வந்தபோது நடந்ததை நான் மறக்க மாட்டேன். பிள்ளையை எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார், மனைவியிடம் நாலு கேள்வி கேட்டார். ஐந்து நிமிஷத்தில் அது முடிந்தது. அப்புறம் திண்ணையில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயா வந்தது. அம்மா பெற்ற நாலு பேரைப் பற்றியும் விசாரித்தார். மூத்தவனுக்கு மாந்தம் வந்தது, இளையவளுக்கு அம்மை போட்டது என்று எல்லாக் கதையும் ஓடியது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தாய்ப்பாலே நூத்துக்கு 87 பங்கு வெள்ளந்தான் அம்மா. தனியா எதுக்கு? பால் போதுதா இல்லையான்னு தெரியணும்னா ஒரு நாளைக்கு எத்தன தடவ மூத்திரம் போறான்னு எண்ணிப் பாருங்க. ஆறுக்குக் குறையக் கூடாது. அந்தப் பொறுப்பு உங்களுக்கு."

அன்று சாயங்காலமே காலண்டர் தாளில் பென்சில் கோடு விழ ஆரம்பித்தது. அம்மா ஒரு துணியையும் எண்ணாமல் விட மாட்டாள். மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு ஒம்பது" என்றாள், பரீட்சையில் மார்க் வந்த மாதிரி. வெள்ளம் பற்றிய பேச்சு அதோடு போயிற்று. அதே மாதிரிதான் வசம்பும். கையில் கட்டிக்கோங்க, உரசி வாயில் மட்டும் வைக்காதீங்க என்று நர்ஸம்மா பாதி வழி இறங்கி வந்தார், அம்மா மீதி வழி இறங்கினாள். தேன் ஒரு வயது வரை கூடாது என்றதும் ஒத்துக்கொண்டாள். சாம்பிராணிப் புகையில் மட்டும் தோற்றோம். அது நாற்பத்தொரு நாளும் புகைந்தது.

எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எது போகிறது, எது போகக் கூடாது என்று தீர்மானிப்பது பாட்டி. நோட்டீசோ 'அன்பான தாய்மார்களே' என்று ஆரம்பிக்கிறது. நர்ஸம்மாவுக்கு அது பழகிப் பழகித் தெரிந்திருக்கிறது, நோட்டீசுக்கு இன்னும் தெரியவில்லை.

உறக்க விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், மெத்தென்ற தலையணை கூடாது, தாயின் அறையிலேயே தனி இடத்தில் உறங்க வேண்டும். சரி. அதோடு எல்லாரும் என் மனைவியிடம் சொன்ன இன்னொன்று, படுத்துக்கொண்டு பால் கொடுக்கவே கூடாது, உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும். ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி கண் விழித்துப் பார்க்கிறேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டாள். மடியிலிருந்து பிள்ளை சரிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கை நோக்கித் தலை தொங்கிக்கொண்டிருக்கிறது. எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது. உட்கார்ந்தபடி உறங்கிப்போவதுதான், அதுவும் சோபா நாற்காலி என்றால், பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். உறக்கம் வரும், வந்தே தீரும், அதற்கு முன்கூட்டியே இடத்தை ஒதுக்கி வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினால் என்ன? மறுநாள் கட்டிலைக் கழற்றிவிட்டுப் பாயைத் தரையில் விரித்தோம். ராத்திரி 10 மணியிலிருந்து 1 மணி வரை பிள்ளை என் பொறுப்பு, பாலுக்கு மட்டும் அவளை எழுப்புவது என்று ஏற்பாடு. மறுநாள் அச்சகத்தில் ஒரு மணமகன் பெயரை மாற்றி அடித்துவிட்டேன், அது தனிக் கதை.

அவள் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். பெயர் வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், 2017ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அங்கே முப்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள். மூன்று மாதம் தருகிறோம், அதற்கு மேல் என்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றார்கள். சண்டை போட்டிருக்கலாம். வீட்டுக் கடன் இருந்தது, போடவில்லை. ஓணம் சீசனில் திரும்பப் போனாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதற்கும் 26 வாரத்துக்கும் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது பாருங்கள். ஒன்றைத் தராமல் மற்றொன்றைக் கேட்டால் எங்கே போவது?

பாலைப் பீச்சி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 25 டிகிரி வரை என்றால் வெளியே நாலு மணி நேரம். எங்கள் அடுக்களை 25 டிகிரியை எப்போது பார்த்தது? பிரிட்ஜில் என்றால் நாலு நாள். காலையில் கிளம்பும் முன் பீச்சி மூடி போட்ட சின்ன சம்புடத்தில் வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் மார்பு கனத்துவிடும். உடை மாற்றிப் பார்க்கும் அறையில் நின்று பீச்சி, வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வருவாளாம். இதை அவள் சொன்னது ஒரே ஒரு தடவை. நானும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

பிள்ளைக்கு எதில் புகட்டுவது என்று பேச்சு வந்தபோது அம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு பித்தளைப் பாலாடையை எடுத்தாள். என்னை வளர்த்த பாலாடையாம். நர்ஸம்மாவும் அதையேதான் சொல்லியிருந்தார். புட்டி வேண்டாம், பாலாடையோ கரண்டியோ போதும், கழுவ எளிது. அம்மாவும் அரசாங்கமும் ஒரே பேச்சுப் பேசிய நாள் அது ஒன்றுதான். அதை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, கால்மேல் பிள்ளையைச் சாய்த்து, துளித்துளியாக அம்மா புகட்டுவதைப் பார்க்க வேண்டும்.

நாலாவது மாதம் பால் குறைந்து பால்பவுடர் டப்பா வாங்கினோம். தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவிலேயே அச்சடிக்க வேண்டும் என்பது 1992ஆம் வருஷத்துச் சட்டம். தொழில் புத்தியில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்த்தேன். மனைவி பார்க்காமல் திருப்பி வைத்தாள்.

இந்த வருஷ மேட்டரும் வந்தது. 'தாய்மார்களே' என்பதை 'வீட்டிலுள்ளவர்களே' என்று மாற்றலாமா என்று கொண்டு வந்தவரிடம் கேட்டேன். "மேலருந்து வந்த மேட்டர் தம்பி, கை வைக்காண்டாம்" என்றார். வார்த்தையில்தானே கை வைக்கக் கூடாது. 'கணவரும் குடும்பத்தினரும் தாய்க்கு உதவ வேண்டும்' என்று ஒரு வரி எப்போதும் அடியில், இடம் போதாமல் 9 பாயின்டில் கிடக்கும். அதைத் தூக்கித் தலைப்புக்குக் கீழே 24 பாயின்டில், தடித்த எழுத்தில் போட்டேன். படம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பினேன், 'ஓகே' வந்தது. 2,000 காப்பி ஓடியது.

ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி முழுசும் படித்தாள். மடித்து என் கையில் தந்துவிட்டுக் கேட்டாள், "எடே, மூத்திரம் எண்ணுத விஷயத்த இதுல போடலியா?"