கூம்பு என்றால் பாய்மரம்

சென்ற வாரம் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூம்பின் கன அளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த அக்காள் மகள், "இதற்கு ஏன் மாமா கூம்பு என்று பெயர்?" என்று கேட்டாள். தாமரை மாலையில் இதழ் குவிவதைக் கூம்புதல் என்கிறோம். விரிந்த கைகளை நாமே குவித்தால் அது கூப்புதல். அடி பருத்து நுனி ஒடுங்கும் வடிவத்துக்கும் அதனால்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். கப்பலின் பாய்மரத்துக்கும் நம் முன்னோர் இதே பெயரை இட்டிருந்தார்கள் என்றதும், காசிமேட்டுக்கு அருகிலேயே வளர்ந்த அந்தப் பெண்ணால் நம்ப முடியவில்லை.

பாய்மரம் என்ற சொல் மரத்தின் வேலையைச் சொல்கிறது. கூம்பு அதன் உருவத்தைச் சொல்கிறது. எனக்குப் பின்னதே மிகவும் பிடித்திருக்கிறது, ஏனெனில் அது கரையில் நின்று அண்ணாந்து பார்த்தவரின் சொல்லாகத் தோன்றுகிறது. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய உறையூர் முதுகண்ணன் சாத்தனார், "கூம்பொடு மீப்பாய் களையாது" பெருங்கலங்கள் புகாரின் ஆற்றுமுகத்தில் நுழைந்ததாகப் புறநானூற்றின் 30ஆம் பாட்டில் கூறுகிறார். மீப்பாய் என்பது மேலே கட்டும் பாய். பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் உள்ளே வர முடிந்தது என்பதே அந்தத் துறையின் பெருமை. நம் சென்னைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள்தான் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன.

மதுரைக்காஞ்சியில் வரும் புயல் வருணனை இன்னும் நுட்பமானது. இறுகக் கட்டிய வலிய கயிற்றை அறுத்து, இதையைப் புடைத்து, "கூம்பு முதல் முருங்க" காற்று மோதுகிறது. இதை என்றால் பாய். முதல் என்றால் இங்கே அடிப்பகுதி. பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்துவதில் அதைச் சுற்றி இழுத்துக் கட்டிய கயிறுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. அவை அறுந்தபின் காற்றின் விசை முழுவதும் அடிமரத்தில் இறங்கும். கயிற்றை முதலிலும் மரத்தை இறுதியிலும் வைத்த புலவர் கப்பலை அறிந்தவர் என்றே கருதுகிறேன்.

குலசேகர ஆழ்வாரிடம் இதே சொல் வேறு உணர்வோடு வருகிறது. கடலில் எங்கும் பறந்து கரை காணாமல் திரும்பி, "வங்கத்தின் கூம்பேறும் மாப்பறவை" போலத் தாம் இறைவனிடமே மீள்வதாக அவர் பாடுகிறார். வங்கம் என்பது மரக்கலம்.

கூம்பைச் சார்ந்த பிற்காலச் சொற்களும் அகராதிகளில் இருக்கின்றன. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையைப் பிடித்து இழுக்கும் கயிறு தாமான். தாமான், ஆடையின் தொங்கலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து மாலுமிகளோடு வந்தது. கப்பல்களில் பல மொழிக்காரர்கள் ஒன்றாக வேலை செய்ததால் இத்தகைய கலப்பு இயல்பானதே.

இன்று காசிமேட்டின் விசைப்படகுகளில் நிற்கும் கம்பம் விளக்கையும் கொடியையும்தான் சுமக்கிறது. டீசல் எஞ்சின் வந்தபின் பருமலுக்கும் தாமானுக்கும் அங்கே வேலையில்லை. கட்டுமரத்தில் பாய் விரித்துச் சென்ற பெரியவர்கள் சிலர் இன்னும் கரையில் வலை பழுது பார்க்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகளையும் அழைத்துச் சென்று, பாயை ஏற்றிய கயிற்றை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரப்போகிறேன்.