லாக்கில் பின்னால் வந்த வரி

எங்கள் அப்ளிகேஷன் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென எல்லாப் பக்கங்களும் இழுக்கும், ரிக்வெஸ்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர் 504 (பதில் உரிய நேரத்தில் வரவில்லை) என்ற பிழையைத் தரும், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். சிபியு சும்மா கிடக்கும், மெமரி தாராளமாக இருக்கும், ஜாவா மெமரியைத் துப்புரவாக்குவதைப் பதியும் ஜிசி லாக்கிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சர்வராக உள்ளே போய் கிரெப் (வரி தேடும் கட்டளை) போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் எங்கள் ஜாவா சர்வரான டாம்கேட்டின் அக்சஸ் லாக்கையும் (வந்த ரிக்வெஸ்டுகளின் பதிவு) அப்ளிகேஷன் லாக்கையும், லாக்குகளை அனுப்பும் ஃபைல்பீட் வழியாக, தேடல் கிடங்கான எலாஸ்டிக்சர்ச்சில் ஏற்றி, அதைப் படமாகக் காட்டும் கிபானாவில் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவானது.

நிறுவுவதில் பெரிய சிரமமில்லை. இழுத்தடித்தது இரண்டு விஷயங்கள். ஜாவா ஸ்டாக் ட்ரேஸின் (கோடு எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தது என்று காட்டும் பட்டியல்) ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பதிவாக உள்ளே போய்விட்டது. எந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. தேதியில் தொடங்காத வரியெல்லாம் முந்தைய வரியோடு சேர வேண்டும் என்று ஃபைல்பீட்டின் மல்டிலைன் அமைப்பில் சொன்ன பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது. அடுத்தது நேரம். அக்சஸ் லாக் டைம்ஸோனோடு எழுதுகிறது, எங்கள் அப்ளிகேஷன் லாக் வெறும் மணியை மட்டும் எழுதுகிறது; அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டதால் இரண்டு லாக்கும் மணிக்கணக்கில் தள்ளி நின்றன. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் டாஷ்போர்டு போடுவது வீண் வேலை.

கிபானாவில் முதலில் உயர்ந்து நின்றது ‘ப்ரோக்கன் பைப்’ பிழை. காத்திருந்து அலுத்தவர்கள் பிரௌசரை மூடியதால் வந்தது, அவ்வளவுதான். அதை வடிகட்டினால் அடியில் இருந்தது வேறு: டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்ட் காத்திருந்து கைவிட்டேன் என்று டேட்டாபேஸ் இணைப்புகளைக் கையிருப்பாக வைத்து, கேட்பவருக்குத் தரும் ஹிகாரி பூல் புலம்பிக்கொண்டிருந்தது. டாம்கேட் தானாக அனுமதிக்கும் திரெட் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாள்) 200, ஹிகாரி தானாக வைத்திருக்கும் கனெக்‌ஷன் 10. நாங்கள் இரண்டையும் மாற்றியிருக்கவில்லை.

உடனே பூலை 50 ஆக்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பிழையின் ஸ்டாக் ட்ரேஸ், வரிசையில் நின்று ஏமாந்தவனைத்தான் காட்டுகிறது. பத்தையும் பிடித்து வைத்திருப்பவன் யார் என்று அதில் இல்லை. ஆளைத் தெரியாமல் எண்ணிக்கையை ஏற்றினால் அவன் ஐம்பதையும் பிடித்துக்கொள்வான்.

பிடித்து வைத்திருப்பவன் ஏன் கண்ணில் படவில்லை? அக்சஸ் லாக் ஒரு ரிக்வெஸ்ட் முடிந்த பிறகுதான் வரி எழுதுகிறது. நான்கு நிமிடம் இழுத்த ரிக்வெஸ்டின் வரி, அதனால் அடிபட்ட ரிக்வெஸ்டுகளின் வரிகளுக்கெல்லாம் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். மேலிருந்து கீழே படிப்பவர் அதையும் அடிபட்டவர்களில் ஒன்றாகவே நினைப்பார். அதனால் லாக் வடிவத்தில் சதவீதக் குறியோடு ‘டி’ சேர்த்து, எடுத்துக்கொண்ட நேரத்தையும் எழுத வைத்தோம். (டாம்கேட் 9-ல் இது மில்லிசெகண்ட், 10 முதல் மைக்ரோசெகண்ட். பழைய டாஷ்போர்டை அப்படியே நகலெடுத்தால் எண் ஆயிரம் மடங்கு ஊதித் தெரியும்.) முடிந்த நேரத்திலிருந்து அதைக் கழித்து, தொடங்கிய நேரம் என்று ஒரு புதிய ஃபீல்டு உருவாக்கி, அதன்படி வரிசைப்படுத்தினேன்.

படம் மாறிவிட்டது. முதல் டைம்அவுட்டுக்குச் சற்று முன்னால், ஒரே ரிப்போர்ட் டவுன்லோடு முகவரி வரிசையாக நின்றது. அக்சஸ் லாக்கில் திரெட் பெயரையும் எழுத முடியும் என்பது இங்கே கைகொடுத்தது. அதில் ஒரு திரெட்டை, எக்ஸெக்-17 என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்ளிகேஷன் லாக்கில் தேடினால் வெளிச் சேவை ஒன்றை அழைப்பதாக ஒரு வரி. அதற்கடுத்த வரி நான்கு நிமிடம் கழித்து. நடுவில் பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எழுதப்படாத வரியை எந்தக் கருவியிலும் தேட முடியாது. திரெட் திரெட்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் அந்த இடைவெளி தெரியும்.

அடுத்த முறை இழுத்தபோது ஜாவாவின் ஜேஸ்டாக் கருவியில் திரெட் டம்ப் (அந்த நொடியில் ஒவ்வொரு திரெட்டும் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுத்தோம். பத்துத் திரெட்டும் அந்த வெளிச் சேவையின் பதிலுக்காக சாக்கெட்டில் காத்திருந்தன. கோடில் டிரான்சாக்‌ஷன் (டேட்டாபேஸில் ஒன்றாகச் சேர்ந்து முடிய வேண்டிய வேலைத்தொகுப்பு) தொடங்கிய பிறகு, அதற்குள்ளேயே வெளிச் சேவையை அழைக்கிறோம். பதில் வரும்வரை கனெக்‌ஷன் கையிலேயே இருக்கிறது. ஜாவாவின் எச்டிடிபி கனெக்‌ஷனில் ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) நாம் வைக்காவிட்டால் பூஜ்யம், அதாவது முடிவில்லாமல் காத்திருக்கும். ரிப்போர்ட் வரவில்லையே என்று ஆட்கள் மறுபடி மறுபடி பட்டனை அமுக்க, பத்து நிரம்ப அதிக நேரம் ஆகவில்லை. அந்தப் பக்கம் பதில் தந்ததும் எல்லாம் சரியானதன் காரணமும் இதுதான்.

அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்து, 5 செகண்ட் ரீட் டைம்அவுட் வைத்தோம். பூல் இன்னும் 10-தான். ஹிகாரியில் லீக் (எடுத்ததைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது) கண்டறியும் வசதி தானாக இயங்காது. அதை 20 செகண்டுக்கு வைத்தோம். கனெக்‌ஷனை அதற்கு மேல் வைத்திருப்பவனின் ஸ்டாக் ட்ரேஸே இப்போது லாக்கில் விழுகிறது, கிபானா அலர்ட்டும் அந்த வரியின் மேல்தான். திரெட் பெயர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு ஐடி கொடுத்து எல்லா லாக் வரிகளிலும் சேர்த்துவிட்டோம்.

ஷெட்யூலரில் குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் வேலைகள்தான் பாக்கி. அவை அக்சஸ் லாக் பக்கமே வருவதில்லை. தொடக்கத்தையும் முடிவையும் நாமே கோடில் எழுத வேண்டும். அந்த வேலை இப்போது நடக்கிறது.